குற்றவாளிக் கூண்டில் தகர டின்

ஐக்கிய அமெரிக்காவின் வழக்கேடுகளிலே விசித்திரமான தலைப்புகளை நாம் காண்கிறோம். வாதி, ஐக்கிய அமெரிக்க அரசு; பிரதிவாதி, இத்தனை பீப்பாய் வினாகிரி! பண்டம் கூண்டில் நிற்கிறது. முதலாளியின் பெயர் தலைப்பில் இல்லை.

இவ்வழியை வகுத்தது 1906 ஜூன் 30ஆந் திகதி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட உணவு, மருந்துச் சட்டத்தின் பத்தாம் பிரிவு. அழுகி நாறிய ஊன் கொண்ட டின்கள் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பப்பட்டால், நீதிமன்றத்தின் வழியாக அரசு அவற்றைக் கைப்பற்றி அழிக்கலாம்.

அச்சட்டம் எளிதிற் பிறந்ததன்று. 1898இல் ஸ்பெயினுடன் போர் புரிந்த அமெரிக்கப் படைவீரருட் பகைவரின் குண்டுக்கு இரையானோரைவிட நோய்க்கு இரையானோரே பன்மடங்கினர். அவர்களைப் பெரிதும் கொன்றது நெருப்புக் காய்ச்சல். ஆயினும், வெப்பநாட்டிற் கெட்டுப்போன டின் இறைச்சியைப் பற்றித் தளபதி மைல்ஸ் எழுப்பிய கூச்சல் நாட்டையே உலுக்கியது. இரசாயனம் கலந்தனர் என்ற அவரது குற்றச்சாட்டு விசாரணையில் நிரூபணமாகவில்லை. இறைச்சி முதலாளிகள் தப்பினர்.

எட்டு ஆண்டுகளின் பின் அப்டன் சின்கிளேயரின் 'ஜங்கிள்' நூலாக வெளிவந்தது. சிக்காகோ இறைச்சிக் களத்திலே குடியேறிய லித்துவேனியத் தொழிலாளர் படும் பாட்டை அந்தச் சோஷலிஸ்ட் எழுதினார். வாசகரோ தமது தட்டிலிருந்த இறைச்சியைப் பார்த்துத் திடுக்கிட்டனர். அதை வெட்டியவனின் கையைப் பார்த்தார்களில்லை. ஆசிரியரே இதற்காக வருந்தினார். ரூஸ்வெல்ட் அனுப்பிய நீல், ரெயினோல்ட்ஸ் இருவரும் களத்தின் அழுக்கை நேரிற் கண்டு உறுதிசெய்தனர்.

உணவுச் சட்டத்தோடு அதே நாளில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் நிறைவேறியது. ஆனால், செனற்றர் பெவரிட்ஜ் கேட்ட இரண்டு விடயங்கள் அதில் இடம்பெறவில்லை. டின்னில் அடைத்த திகதியைப் பொறிக்கவேண்டியதில்லை. பரிசோதனைச் செலவும் முதலாளியுடையதன்று, பொதுமக்களின் திறைசேரியுடையது! தொழிலாளியின் கூலியையும் வேலைநேரத்தையும் பற்றி இரு சட்டங்களிலும் ஒரு சொல் இல்லை. கைப்பற்றிய பண்டத்தைப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து உடைமையாளன் மீட்கவும் பத்தாம் பிரிவு இடமளித்தது.

இத்தனை ஓட்டைகளுக்கிடையிலும் சட்டம் பல்லுடையதாகவே இருந்தது. இறைச்சிக்கன்று, முட்டைக்கு நேர்ந்த வழக்கு அதற்குச் சான்று. போரிக் அமிலமிட்ட ஐம்பது முட்டை டின்கள் மிசூரி மாநிலத்துச் சென்ற் லூயிசிலிருந்து இலினோய் மாநிலத்துப் பியோரியாவுக்குச் சென்றன. அங்கே அரசு அவற்றைக் கைப்பற்றியது. சரக்கு சேருமிடம் சேர்ந்துவிட்டது, இனி மத்திய அரசுக்கு அதில் என்ன வேலை என்று வாதாடியது ஹிப்போலைற் முட்டைக் கம்பனி. 1911இல் உயர்நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. தலைப்பில் இல்லாத முதலாளி ஈற்றில் வெளிப்பட்டார்: வழக்குச் செலவைக் கம்பனியே கட்டவேண்டும் என்ற கட்டளையும் நிலைத்தது.