ஏடும் திறவுகோலும்

ஒரு சமுதாயத்தின் வரலாறு, நடந்தவற்றால் மட்டும் நிலைபெறுவதில்லை. நடந்ததைக் கூறும் ஏடு எந்த வரிசையில் இருக்கிறது, அதைத் திறக்கும் திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்னும் இரண்டினாலுமே நிலைபெறுகிறது. நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுப் பதிவேடுகளையும் மனுக்களையும் நிழற்படங்களையும் கணினியில் சேமிக்க எண்ணியுள்ள இவ்வேளையில், இவ்விரு வினாக்களையும் இளைஞர்கள் ஆராய்தல் நலம்.

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 'பறையன்' இதழைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளியிட்டார். மறு ஆண்டில் 'தமிழன்' எனப் பெயர் பெற்ற அவ்வார இதழை, 1914-இல் மறையும் வரை அவரே நடத்தினார். அவருடைய எழுத்துகள் பாளையங்கோட்டையிலிருந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்ததோ 1999-இல்தான்! அன்பு பொன்னோவியம் போன்ற பெரியோர் பல்லாண்டுகள் போற்றி வைத்திருந்த தாள்கள் இல்லையேல் அப்பணி அரிதாகியிருக்கும். நம் ஏட்டை நாமே காத்ததால் கிடைத்த பயன் இது.

திறவுகோல் பிறர் கையில் இருந்ததால் விளைந்த இழப்பும் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையின் பின், 1892-இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் வழங்க அரசு ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம் எனப்பட்டது. ஆயின் ஊர்க் கணக்குகளோ பரம்பரைக் கர்ணங்களின் வீட்டில் இருந்தன. அந்தப் பரம்பரைப் பதவி 1980-இல்தான் ஒழிக்கப்பட்டது. தன் பெயரில் நிலம் உள்ளதா என அறிய விரும்பிய உழவன், யாரிடம் கைகட்டி நின்றிருப்பான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1994-இல் செங்கல்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நிலம் மீட்கும் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர். ஒரு பதிவேட்டின் விலை எத்தகையது என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

இனிக் கணினிக்கு வருவோம். மின்னாவணக் காப்பகம் அமைக்கும் மென்பொருள்கள் பல. அவற்றுள் 'டிஸ்பேஸ்' என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஹியூலட் பக்கார்டு நிறுவனமும் இணைந்து 2002-இல் இலவசமாக வெளியிட்டது. நம் நாட்டு முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேமிக்கும் 'சோத்கங்கா'வும் இதனால் இயங்குவதே. இதில் பெரும்பிரிவு, அதனுள் தொகுப்பு, தொகுப்பினுள் ஆவணம், ஆவணத்துள் கோப்பு என வீடும் அறையும் பெட்டியும் போன்ற அடுக்குமுறை உண்டு. யார் படிக்கலாம், யார் சேர்க்கலாம், யார் நீக்கலாம் என்பதை ஒவ்வோர் அடுக்கிலும் வகுக்கலாம்.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் உள. முதலாவது, நாம் ஒன்றும் செய்யாதிருந்தால் புதிய தொகுப்பு உலகோர் அனைவர்க்கும் திறந்தே கிடக்கும். இரண்டாவது, தொகுப்பின் பொது அனுமதியைப் பின்னர் மாற்றினாலும், முன்பே சேர்ந்த ஆவணங்களின் அனுமதி தானாக மாறாது. ஆகவே முதல் நாளிலேயே வகுத்தல் வேண்டும். மூன்றாவது, கோப்பை மட்டும் பூட்டினால் அதன் தலைப்பும் குறிப்பும் வெளியே தெரியும். வன்கொடுமைக்கு உள்ளான ஒரு பெண்ணின் பெயரைத் தலைப்பில் எழுதிவிட்டு மனுவைப் பூட்டுவதால் பயன் என்ன?

பூட்டுவது கஞ்சத்தனம் அன்று. ஆஸ்திரேலியாவின் டென்னண்ட் கிரீக் பகுதியில் வாழும் வரமுங்கு பழங்குடி மக்கள், எப்படத்தை எவர் காணலாம் என்பதைத் தம் மரபின்படி தாமே வகுக்கும் 'முக்குர்த்து' என்னும் காப்பகத்தை 2007-இல் பெற்றனர். திறவுகோல் அவர்கள் கையிலேயே இருந்தது.

நம் சங்கத்திற்கு நான் பரிந்துரைப்பது இது. ஆண்டு மலர்கள், விழாப் படங்கள், சொற்பொழிவுகள் ஆகியவை யாவர்க்கும் திறந்த தொகுப்பாகட்டும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பும் வரவு செலவும் உறுப்பினர்க்கு உரியனவாகட்டும். பட்டா நகல்களை உரிய குடும்பத்தாரும் பொறுப்பாளரும் மட்டும் காணட்டும். மாணவர் சாதிச் சான்றும் வன்கொடுமை மனுக்களும், தலைப்பு உட்பட முற்றிலும் பூட்டப்படட்டும். பல்லாண்டு பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைக் கையாண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாதி என்னும் அந்த ஒரு பத்தி, ஒருவனுக்கு உதவித்தொகை பெற்றுத் தரும், தகாதவர் கண்ணில் பட்டால் அதே பத்தி அவனைத் தலைகுனியவும் வைக்கும்.

இன்னொன்று. சேலத்திலிருந்து நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமாயிற்று. எனவே இராசிபுரம், திருச்செங்கோடு பகுதிப் பழைய மனுக்களில் சேலம் மாவட்டம் என்றே இருக்கும். இரு மாவட்டப் பெயர்களையும் குறிப்பில் இட்டால்தான் நாளை தேடுவோர் கண்டடைவர்.

திறவுகோலை ஒருவரிடமே ஒப்படைத்தால் அவரும் ஒரு கர்ணமே ஆவார். ஆதலின் பொறுப்பாளர் மூவராவது இருத்தல் வேண்டும். அவருள் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் முப்பது வயதுக்கு உட்பட்டவராகவும் அமைதல் நன்று. எவரெவர்க்கு என்ன அனுமதி என்பதைப் பொதுக்குழு ஆண்டுதோறும் சரிபார்த்தல் வேண்டும். இளைஞர்களே, உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் தகரப் பெட்டியை இன்றே திறந்து பாருங்கள். பாட்டனாரின் பெயர் எழுதிய ஒரு தாளேனும் அதில் இருக்கக்கூடும்.