கம்பு சுத்துறது சின்னப் பசங்களுக்கு மட்டும் தானா?

தேவாரம் என்றதும் கோயில் பாட்டு என்று நினைத்து விடாதீர்கள். இது தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். போடியில் இருந்து கம்பம் வரைக்கும் உள்ள இந்த ஊர்களில் இருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் போகிறவர்கள் ஏராளம். சரிவில் நடந்து நடந்து உரமேறிய கால்கள் அவர்களுடையவை.

ஆனால் அதே ஆட்கள் வயதாகி வீட்டில் உட்கார்ந்த பிறகு? வாசற்படி தடுக்கி விழுந்தார், இடுப்பு எலும்பு முறிந்தது, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை... இந்தக் கதை எந்த ஊரில் தான் இல்லை?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்குத் தான் ஆபத்து அதிகம். கண், உள்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் இருக்கிற உணர்வு, இந்த மூன்றும் சேர்ந்து தான் நம்மை நிற்க வைக்கின்றன. வயதானால் மூன்றுமே மங்குகின்றன, தொடைத் தசையும் குறைகிறது. விழுந்து விடுவோமோ என்ற பயத்தில் நடையைக் குறைத்தால் கால் இன்னும் பலவீனமாகிறது. அதனால் தான் 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று அந்த நிறுவனம் 2020-ல் சொன்னது.

சரி, சண்டைக் கலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சீனாவைப் பாருங்கள்.

தாய்-சி என்பது அடிப்படையில் சண்டைக் கலை. முழுசாகக் கற்க வருடக்கணக்காகும். 1956-ல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதில் இருந்து 24 அசைவுகளை மட்டும் எடுத்து, பொதுமக்களுக்கு என்று எளிமையாக்கியது. பூங்காக்களில் தாத்தா பாட்டிகள் மெதுவாகக் கையைக் காலை அசைப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்களே, அது இப்படிப் பரவியது தான்.

பிறகு விஞ்ஞானிகள் சோதித்தார்கள். 1996-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் 200 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வில், தாய்-சி பழகியவர்கள் திரும்பத் திரும்ப விழும் அபாயம் 47.5 சதவீதம் குறைந்தது. 2018-ல் ஓரிகான் மாநிலத்தில் 670 பேரிடம் நடந்த ஆய்வில், வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களை விட தாய்-சி குழுவினர் விழுந்தது 58 சதவீதம் குறைவு. பயிற்சி வாரம் இரண்டு முறை, 24 வாரம், அவ்வளவு தான்!

நம் பக்கத்தில்? மலைக்கு அந்தப்புறம் கேரளாவுக்குப் போவோம். வடகரையில் களரிப்பயிற்று சொல்லித் தருகிற மீனாட்சி அம்மா, சிறுமியாக இருந்தபோதே களரியில் இறங்கியவர். கணவர் ராகவன் குருக்கள் 1949-ல் தொடங்கிய கடத்தநாடு களரி சங்கத்தில், அவருக்குப் பிறகு இவரே ஆசான் ஆனார். 2017-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அப்போதும் சேலையை இழுத்துச் செருகிக் கொண்டு வாள் வீசினார்!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் விடாமல் பழகியவர். 65 வயதில் முதன்முதலாக ஆரம்பிக்கிற ஒருவர் அந்தப் பாய்ச்சலைச் செய்ய முடியாது. அவருக்குத் தேவை, சீனாவில் செய்தது போல எளிமையாக்கிய ஒரு வரிசை.

அதற்கு வேண்டிய சரக்கு சிலம்பத்தில் இருக்கிறது. வாத்தியார் முதலில் சொல்லிக் கொடுப்பது அடியை அல்ல, காலடியை. முன்னே ஒரு கால், பின்னே ஒரு கால், உடம்பின் பாரத்தை ஒன்றில் இருந்து மற்றதற்கு மாற்றுவது, திரும்புவது, முழங்காலை மடக்கி நிற்பது. விழாமல் இருக்க ஒரு முதியவருக்குத் தேவையானதும் இதே தானே? தடுமாறினால் ஊன்றிக் கொள்ளக் கையில் கம்பு வேறு! அந்த 58 சதவீதத்தை அப்படியே சிலம்பத்துக்கு எடுத்துப் போட முடியாது, அது தாய்-சிக்கு வந்த கணக்கு. சிலம்பத்தையும் அதே போல வைத்துச் சோதிக்க வேண்டும்.

நம் ஆட்களுக்குச் சிலம்பம் என்றால் எம்.ஜி.ஆர். படச் சண்டையும் திருவிழா ஊர்வலமும் தான் ஞாபகம் வரும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம் பிடித்தது. சந்தோஷம் தான். ஆனால் அதுவும் இளைஞர்களுக்கு!

ஒரு மூங்கில் கம்பு, கொஞ்சம் மண் தரை, காலை இளவெயில். இதற்கு ஆகிற செலவையும் இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு ஆகிற செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மூட்டு வலி, தலைசுற்றல், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு விட்டு, குதிப்பும் சுழற்சியும் இல்லாமல் காலடியை மட்டும் மெதுவாகப் பழகலாம்.

ஊரில் வயதான சிலம்ப வாத்தியார் யாராவது இருந்தால் அவர் எப்படி நடக்கிறார் என்று கொஞ்சம் கவனியுங்கள். அந்தக் காலடியை அவரிடம் இருக்கும்போதே கேட்டு வாங்கிக் கொள்ள வேண்டும். பேரனுக்கு மட்டும் அல்ல, தாத்தாவுக்கும் பாட்டிக்கும் சேர்த்து.