செய்த பலகையும் கைமாறிய பலகையும்

பிரான்ஸில் கிரெனோபிள் நகரில் படிக்கும் என் தங்கையின் பேரன் போன வாரம் தொலைபேசியில் ஒரு யோசனை கேட்டான். பனிச்சறுக்குப் பலகை ஒன்றைத் தானே செய்துகொள்வதா, இல்லை யாரோ பயன்படுத்திய பழையதை வாங்குவதா என்று. மார்கழிப் பனிக்கே காதில் மஃப்ளர் சுற்றிக்கொள்ளும் வானகரத்துக் கிழவனிடம் கேட்கிற கேள்வியா இது!

ஆனால் கிரெனோபிள் எனக்குப் புதிய பெயர் இல்லை. 1968ல் அங்கே நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ழான்-குளோத் கிலி என்ற பிரெஞ்சுக்காரர் பனிச்சறுக்கில் மூன்று தங்கம் வாங்கினார். அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, பனியையே பார்க்காமல் அவர் பெயர் மனப்பாடம். கிலி ஓட்டியது காலுக்கு ஒன்றாக இரண்டு கட்டைகள். இவன் கேட்பது இரண்டு காலும் ஒன்றாக நிற்கும் ஒற்றைப் பலகை. அதன் கதையைப் படிக்கப் படிக்க, பையனின் கேள்விக்கு அந்தக் கதையிலேயே விடை இருப்பது தெரிந்தது.

அந்தப் பலகை பிறந்ததே வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும்தான். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் டாம் சிம்ஸ் என்ற மாணவன் 1963ல் பள்ளியின் தச்சு வகுப்பில் ஒன்றைச் செய்தான். மேலே கம்பளத் துண்டு, அடியில் அலுமினியத் தகடு. அவ்வளவுதான். 1965 கிறிஸ்துமஸ் அன்று மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகனில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர், தன் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக இரண்டு சறுக்குக் கட்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். பனிக்கான ஆங்கிலச் சொல்லையும் அலைச்சறுக்குக்கான சொல்லையும் ஒட்டி 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தது அவர் மனைவி. பிறகு ஒரு பெரிய நிறுவனம் உரிமை பெற்று அதைக் கடைகளில் விற்றது.

அப்படி விற்ற ஒன்று ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் என்ற பதினான்கு வயதுப் பையனின் கைக்கு வந்தது. பல வருடங்கள் அதில் சறுக்கினான். எங்கே பிடி இல்லை, எங்கே திரும்ப மறுக்கிறது என்பது காலுக்குத் தெரிந்த பிறகுதான், 1977ல் வெர்மான்ட் மாநிலத்தில் சொந்தமாகப் பலகை செய்ய உட்கார்ந்தார். 1979ல் ஸ்னர்ஃபர் போட்டிக்கு, கால்களைப் பிணைக்கும் வார் வைத்த தன் பலகையோடு போய் நின்றபோது ஆட்சேபம் எழுந்தது. அவருக்காகத் தனிப் பிரிவு வைக்க வேண்டியதாயிற்று. 1998ல் ஜப்பானின் நாகானோவில் இந்த விளையாட்டு ஒலிம்பிக்கிலேயே ஏறிவிட்டது.

சிம்ஸும் பாப்பனும் கையால் செய்தார்கள் என்றால், வாங்குவதற்குக் கடையில் அப்படி ஒரு பொருளே அன்று இல்லை. பர்ட்டனோ முதலில் ஓட்டினார், பிறகு செய்தார். இந்த வரிசையை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

அதே நாகானோ ஒலிம்பிக்கில் நம் நாட்டுப் பையன் ஒருவனும் இருந்தான். மணாலிக்குப் பக்கத்தில் வளர்ந்த ஷிவா கேசவன்; தந்தை தலச்சேரிக்காரர், தாய் இத்தாலியர். அவன் விளையாட்டு பலகை அல்ல, 'லூஜ்' எனப்படும் சறுக்குவண்டி. மல்லாந்து படுத்துக்கொண்டு பனிக்கட்டிப் பாதையில் பாய்வது. அப்போது வயது 16. இந்தியாவில் அதற்கான பாதையே கிடையாது என்பதால் வண்டிக்கு அடியில் சக்கரம் மாட்டி, இமயமலைத் தார்ச்சாலையில், லாரிகளுக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே பழகினான். அந்தப் படத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும். 2018 வரை ஆறு ஒலிம்பிக், நடுவில் 2011ல் ஆசியக் கோப்பைத் தங்கம். இல்லாத வசதிக்குக் கையால் ஈடு கட்டியதை இதைவிட நன்றாகக் காட்ட எனக்கு வேறு ஆள் தெரியாது.

'ஸ்னர்ஃபர்' என்ற பெயரிலேயே அலை இருக்கிறது. பனிப்பலகைக்குத் தாய்வீடு கடல். அந்தக் கடல் நமக்கு அந்நியமா? காசிமேட்டு மீன் நம் வானகரம் சந்தைக்கு விடியுமுன் வந்து இறங்குகிறது. அதைப் பிடித்தவர்களின் பாட்டன்மார் அலை மேல் ஏறி இறங்கியது தாங்களே கட்டிய மரத்தில்தான்.

கட்டுமரம் என்ற சொல்லை உலகமே எடுத்துக்கொண்டது. 1876ல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கப் படகுக் கலைஞர் இரண்டு உடல் சேர்ந்த பாய்ப்படகு ஒன்றை ஓட்டி நியூயார்க் போட்டியில் எல்லோரையும் முந்தினார். அந்த வகைப் படகுக்கு நம் பெயரே நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் நம்முடையது இரட்டை உடல் அல்ல, உடலே இல்லாத படகு. எடை குறைந்த மரத்துண்டுகளைச் செதுக்கி, பக்கத்தில் பக்கமாக அடுக்கிக் கயிற்றால் கட்டியது. ஆணி கிடையாது. 'உள்ளே' என்று ஒரு இடமே இல்லாததால் மேலே ஏறிய தண்ணீர் இடுக்கு வழியே இறங்கிவிடும், மூழ்காது. கரைக்கு வரும்போது அலையின் முதுகைப் பார்த்து ஏற்றி, அதே அலையில் சறுக்கி மணலில் வந்து நிற்கும். கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போடுவார்கள். ஒரு மரம் உளுத்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். கயிறு கட்டத் தெரிந்தவன் எல்லாம் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் கரைகளில் வந்து குவிந்தன. கட்டுமரம் அதற்கு முன்பே குறைந்துகொண்டுதான் இருந்தது. அதன்பின் வேகமாக மறைந்தது. ஃபைபர் படகால் தூரமும் மீனும் கூடின, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டை விழுந்தால் இனி கயிறு உதவாது, ரெசின் வாங்க வேண்டும்.

அலைச்சறுக்குப் பலகை நம் கரைக்கு வந்தது கைமாறிய பொருளாகத்தான். கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன், 2000களின் தொடக்கத்தில் ஒரு வெளிநாட்டவரிடம் பலகையைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கி ஏறிப் பார்த்ததில்தான் எல்லாம் ஆரம்பம். (அதே கோவளத்தை 1752ல் கிளைவ் எங்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார், அது வேறு வயிற்றெரிச்சல்.) அலையை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பலகைதான் இல்லை. 2012ல் தொழிலதிபர் அருண் வாசுவின் ஆதரவோடு அங்கே அலைச்சறுக்குப் பள்ளி வந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. கோவளத்தில் அன்று யாராவது "சொந்தமாகச் செய்துகொள், அதுதான் பெருமை" என்று சொல்லி இரவல் பலகையை மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இனி பையனின் பலகைக்கு வருகிறேன். இன்றைய பனிப்பலகை சிம்ஸ் செய்தது போல வெறும் மரமும் தகடும் அல்ல. நடுவே மெல்லிய மரப்பட்டைகள் ஒட்டிய உட்பகுதி, அதன் மேலும் கீழும் கண்ணாடியிழைத் துணி, எபாக்சி பசை, அடியில் பாலிஎத்திலீன் தகடு, சுற்றிலும் எஃகு விளிம்பு. எல்லாவற்றையும் அச்சில் வைத்து அழுத்தி, வளைவு மாறாமல் இறுக வைக்க வேண்டும். ஒரே ஒரு பலகைக்காக அந்த அச்சைச் செய்தால் செலவு பழைய பலகையின் விலையைத் தாண்டிவிடும். பசை சரியாகப் பிடிக்காத பலகை, மலைச்சரிவில் வேகமாக இறங்கும்போது அடுக்கு அடுக்காகப் பிரியும். அதில் நிற்பது நம் வீட்டுப் பிள்ளை.

எனவே முதல் பலகை பழையதாகவே இருக்கட்டும் என்றேன். பழையதை வாங்கும் கலை நமக்குத் தெரியாததா? எழுபதுகளில் அம்பத்தூர் டி.ஐ. ஆலையின் ஹெர்குலிஸோ பி.எஸ்.ஏ.வோ பழையதாக வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும்: பெயின்ட் பளபளப்பைப் பார்க்க மாட்டோம். பிரேம் ஜாயின்ட்டில் விரிசல் இருக்கிறதா, சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கோட்டம் தெரிகிறதா என்றுதான் பார்ப்போம். இதற்கும் அப்படித்தான். விளிம்பு எஃகை விரலால் நீவி, எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் அடுக்குகள் பிளந்திருந்தால் பேரமே வேண்டாம். காலணியைப் பிணைக்கும் திருகுத் துளைகளில் மரை தேய்ந்திருக்கக் கூடாது. அடித்தகட்டுக் கீறல் பெரிய விஷயமல்ல, உருக்கி நிரப்பிவிடலாம். தலைக்கவசம் மட்டும் புதிது. அடிபட்ட கவசம் வெளியே பார்த்தால் தெரியாது.

இரண்டு பருவம் அதில் ஓட்டிவிட்டு, பிறகு செய்ய ஆசை இருந்தால் செய்யட்டும். அதற்குள் பழைய பலகை எப்படியும் இரண்டு இடத்தில் அடிபடும். அதைப் பழுதுபார்ப்பதில்தான் செய்யும் வேலை தொடங்குகிறது. நம் கடற்கரையிலும் ஃபைபர் படகின் ஓட்டையை அடைக்கும் அதே இழைத்துணியும் ரெசினும்தான் அலைச்சறுக்குப் பலகைக்கும் தேவை. ஒரே ஒரு எச்சரிக்கை: பலகையின் உட்பகுதி தெர்மாகோல் வகையாக இருந்தால் படகுக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசின் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். அதற்கு எபாக்சிதான் பூச வேண்டும்.