பூட்டும் சாவியும்

2003ஆம் ஆண்டு. நான் பணியாற்றிய சிறு பத்திரிகைக் காரியாலயத்தில் பழைய செய்திகளைக் கணினியில் தொகுக்க முடிவு செய்தோம். புலம்பெயர்ந்த வாசகர்களும் இணையவழியே அவற்றைத் தேடவேண்டும் என்பது எங்கள் ஆசை. எந்தத் தரவுத்தள மென்பொருளைத் தெரிவு செய்வது? பெரிய நிறுவனங்களின் உரிமக் கட்டணம் எங்களுக்கு எட்டவில்லை. ஆகவே லினக்ஸ், அப்பாச்சி, பிஎச்பி ஆகியவற்றுடன் மைஎஸ்கியூஎல்லையும் நிறுவினோம். வறுமை செய்த தெரிவு அது.

தரவுகளை அட்டவணைகளாக ஒழுங்குபடுத்தும் கோட்பாட்டை 1970இல் வெளியிட்டவர் ஐபிஎம் ஆய்வாளர் எட்கார் கொட். அக்கோட்பாட்டைப் பின்பற்றி 1995இல் சுவீடனில் உருவானதே மைஎஸ்கியூஎல். அதை ஆக்கியவர்களுள் முதன்மையானவரான மைக்கல் விடேனியஸ், தமது மூத்த மகளின் பெயரை அதற்குச் சூட்டினார். 2000இல் அது ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தின் கீழ் வந்தது. மூலநிரலை எவரும் பெறலாம், திருத்தலாம், பகிரலாம் என்றாயிற்று.

2008இல் சன் நிறுவனம் அதை ஏறத்தாழ 100 கோடி டொலருக்கு வாங்கியது. 2010இல் சன்னையே ஒரக்கிள் வாங்கியது. விலைக்கு விற்கும் தரவுத்தளங்களின் பேரரசன் கையில் எங்கள் சேமிப்பறையின் சாவியா என்று அஞ்சினோம்.

அச்சம் நீடிக்கவில்லை. விடேனியஸ் 2009இலேயே அதே மூலநிரலிலிருந்து ஒரு கிளையைத் தொடக்கி, இளைய மகளின் பெயரால் மரியாடிபி என அழைத்திருந்தார். பின்னர் எங்கள் செய்திகள் யாவும் சேதமின்றி அங்கே குடிபெயர்ந்தன.

நிறுவனம் கைமாறியது, உரிமம் மாறவில்லை. இன்று மென்பொருள் தெரிவு செய்வோர் விலையை மட்டும் விசாரிக்கின்றனர். வெளியேறும் வழியையும் விசாரியுங்கள் என்பேன்.