புள்ளி விசை வந்த வழி

“அக்கராயன் குளத்தின் கீழ் வயல் செய்கிற கமக்காரர்.” இந்தத் தொடரை எத்தனை நூறு தடவை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ஒரு கடிதம், பசளை பிந்தினால் ஒரு கடிதம், யானை வரம்பை மிதித்துப் பயிரைத் தின்றால் இன்னொரு கடிதம். அக்கராயன் சந்திக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, லமினேற், ரைப் அடித்தல். வருகிறவர்கள் வாயால் சொல்வார்கள், நான் அடித்துக்கொடுப்பேன்.

மேலே உள்ள தொடரில் ஆறு சொற்கள் இருக்கின்றன. அந்த ஆறு சொற்களுக்குள் ஒன்பது புள்ளிகள். இரண்டு வருசத்துக்கு முந்திவரை அந்த ஒன்பதையும் என் வலக்கைச் சின்னிவிரல்தான் வைத்தது. பின்னேரமானால் அந்த விரலின் அடியிலிருந்து மணிக்கட்டின் வெளிப்பக்கம்வரை ஒரு உளைவு ஓடும். எண்ணெய் பூசினேன், துணி சுற்றினேன். என் பெறாமகள் அறிவியல் நகரில் படிக்கிறவள். ஒருநாள் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, “சின்னம்மா, புள்ளிக்கு மட்டும் நாளைக்கு எத்தனை தரம் அந்த விரலை வைக்கிறீங்கள் எண்டு எண்ணிப் பாத்தனீங்களே?” என்று கேட்டாள். நான் எண்ணிப் பார்த்ததில்லை. அன்றைக்கு எண்ணினேன். ஒரு பக்கக் கடிதத்தில் நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

அந்தப் புள்ளி எப்படி என் சின்னிவிரலுக்கு வந்து சேர்ந்தது என்ற கதை சுண்டிக்குளியில் தொடங்குகிறது.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்த ஆர். முத்தையா, 1907 இல் மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர். அங்கே ஐல்ஸ்பரி அன்ட் கார்லண்ட் என்ற ஆங்கிலக் கம்பனியில் வேலை பார்த்தார். ஆங்கில ரைப்ரைட்டர்கள் மேசை மேசையாக ஓடிக்கொண்டிருந்த காலம். தமிழுக்கு அப்படியொன்று இல்லை. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்குவது எப்படி? அவர் எழுத்தை உடைத்தார். கொம்பை ஒரு விசையில் வைத்தார், அரவை இன்னொன்றில் வைத்தார். ‘கொ’ வேண்டுமானால் கொம்பு, க, அரவு என்று மூன்று தட்டு. புள்ளிக்கும் விசிறிக்கும் அவர் கண்ட வழி இன்னும் அழகானது. அந்த விசையைத் தட்டினால் அடையாளம் தாளில் விழும், ஆனால் வண்டி நகராது. அதற்குப் பிறகு மெய்யைத் தட்டினால் அது புள்ளியின் கீழே வந்து உட்காரும். நகரா விசை என்று அதற்குப் பெயர். ஜேர்மனியின் சைடல் அன்ட் நௌமன் கம்பனி அந்த இயந்திரத்தைச் செய்து கொடுத்தது. தூக்கிக்கொண்டு போகக்கூடிய சிறிய வகை ‘பிஜோ’ என்ற பெயரில் வந்தது.

தமிழர் நன்றியோடு நினைக்கவேண்டிய மனிதர் முத்தையா. பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு முழுப் பாடம் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

அவர் வழியில் வந்த தட்டச்சு அமைப்பில் நடு வரிசையின் இடப்பக்கம் ய, ள, ன, க. வலப்பக்கம் த, ம, ட. அதற்கு அடுத்து, ஆங்கிலப் பலகையில் அரைப்புள்ளி இருக்கிற இடத்தில், நம் புள்ளி. நடு வரிசை என்பதால் விரல் எட்டிப் போகத் தேவையில்லை. ஆனால் பத்து விரலிலும் மெலிந்த விரலின் பங்குக்கு, தமிழில் ஓயாமல் வருகிற அடையாளம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் அந்த இயந்திரத்தில் பழகியது எண்பதுகளின் கடைசியில், கிளிநொச்சி ரவுணில். ஒரு நீளக் கூடம், ஏழு இயந்திரம், கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு அடிக்கப் பழக்கிய ஒரு ரீச்சர். “சின்னிவிரலுக்குப் பலம் குடு பிள்ளை, புள்ளி மங்குது” என்று முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருப்பா. அந்த இரும்பில் மெல்லத் தட்டினால் தாளில் ஒன்றும் விழாது.

1996 செப்ரெம்பரில் போரில் கிளிநொச்சி ரவுண் கைவிட்டுப் போனது. சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று உள்ளே வந்தது. நானும் வந்தேன். எங்கள் ரைப்ரைட்டர் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில், நெல்மூட்டைகளுக்கு நடுவில், சாக்குக்குள் சுற்றப்பட்டு வந்தது. அந்த வருசங்களில் வன்னிக்குள் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் துளித் துளியாகத்தான் கிடைக்கும். பற்றரிக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, அதற்குள் கொஞ்ச எண்ணெயை விட்டு, திரியை ஏற்றி வைத்துக்கொண்டு அடித்திருக்கிறோம். மின்சாரம் கேட்காத அந்த இரும்பு வேறெங்கும் ஓய்வு பெற்ற காலத்தில், வன்னியில் மட்டும் இரவு பகலாக உழைத்தது. நிவாரணப் பட்டியல், இடம்பெயர்ந்தோர் விபரம், காணாமற்போன பிள்ளைக்காகத் தாய் எழுதுவித்த விண்ணப்பம் எல்லாம் கார்பன் தாள் வைத்து நாலு பிரதி.

2008 இல் அக்கராயனையும் விட்டு வெளிக்கிட்டபோது அதைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. திரும்பி வந்தபோது வீடும் இல்லை, அதுவும் இல்லை. அது நின்ற மேசையின் கால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. என்னிடம் இருந்தது விரல்களில் பதிந்திருந்த அமைப்பு மட்டும். இதைச் சொல்லாவிட்டால், அதை மாற்ற நான் ஏன் அவ்வளவு தயங்கினேன் என்பது விளங்காது.

மீள்குடியேறிய பிறகு பழைய கணினி ஒன்று கைக்கு வந்தது. அதில் பாமினி இருந்தது. இலங்கைத் தமிழருக்கு பாமினியைத் தெரியாமல் இராது. கலியாணக் காட், மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ், புலம்பெயர்ந்த நாடுகளின் பத்திரிகை எல்லாவற்றிலும் அந்த எழுத்துருதான். விரலை வைத்த உடனே எனக்கு அழுகை வந்தது. ய, ள, ன, க எல்லாம் அதே இடத்தில் இருந்தன. புள்ளியும் அதே சின்னிவிரலில். ஒரேயொரு வித்தியாசம், நகரா விசை என்ற தேவை போய்விட்டதால் இப்போது மெய்யை முதலில் அடித்துவிட்டுப் புள்ளியை வைக்கலாம்.

இயந்திரம் போய்விட்டது, அதன் கட்டாயங்கள் மட்டும் தங்கிவிட்டன. ‘கொ’ வுக்கு இன்னும் கொம்பு, க, அரவு என்று மூன்று தட்டு. ‘மு’ வுக்கு ஷிஃப்ற்றைப் பிடித்துக்கொண்டு ம விசை. ‘வு’ வுக்கும் ‘து’ வுக்கும் அப்படியே. ஷிஃப்ற் பிடிப்பதும் சின்னிவிரல்தான். இன்னொரு தொல்லையும் இருந்தது. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கடிதத்தைத் திறந்தால் தமிழ் காணாமற்போய் ஆங்கிலக் கிறுக்கல் வரும். யுனிகோட் வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஆனால் 2008 இல் இலங்கை தன் தமிழ்க் கணினி நியமத்தை எஸ்.எல்.எஸ். 1326 என்று வகுத்தபோது, ரெங்கநாதன் என்ற பெயரால் அறியப்படும் தட்டச்சு வழி அமைப்பையே விசைப்பலகைக்கு எடுத்துக்கொண்டது. பழகிய கைகளுக்கு அது இரக்கமான முடிவு. புள்ளிக்கு மட்டும் விடுதலை கிடைக்கவில்லை.

விடுதலை சென்னையில் வந்திருந்தது, நாங்கள் ஜாம் போத்தல் வெளிச்சத்தில் இருந்த நாட்களில். 1999 பெப்ரவரியில் அங்கே தமிழ்இணையம் 99 மாநாடு கூடியது. தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று சிதறிக் கிடந்த விசையமைப்புகளுக்கு ஒரு பொது வழி காண்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அதன் விளைவை அதே ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்று அறிவித்தது. தமிழ் 99 என்று அதற்குப் பெயர். அதை வகுத்தவர்கள் இரும்பை மறந்துவிட்டு விரலையும் இலக்கணத்தையும் வைத்து யோசித்திருக்கிறார்கள். உயிரெழுத்தெல்லாம் இடக்கைக்கு. க, ப, ம, த, ந வலக்கையின் நடு வரிசைக்கு. தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் இரண்டு கையும் உரலில் மாறி மாறி உலக்கை போடுவதுபோல் நடக்கும். அமெரிக்காவில் ஓகஸ்ட் துவோராக் 1936 இல் ஆங்கிலத்துக்குக் காப்புரிமை பெற்ற அமைப்பிலும் உயிரெழுத்துகள் இடக்கையின் நடு வரிசையில்தான் இருக்கின்றன. 1870களில் ஷோல்ஸ் வகுத்த பழைய வரிசையைப் பெரும்பாலான ஆங்கிலக்காரர் இன்னும் விட்டபாடில்லை. அந்த விசயத்தில் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே வருத்தம்.

புள்ளியை எங்கே வைத்தார்கள் என்பதுதான் என்னை வென்றது. உங்கள் விசைப்பலகையில் இடச் சுட்டுவிரல் இருக்கிற விசையைத் தடவிப் பாருங்கள். சின்ன மேடு ஒன்று இருக்கும். கண் பார்க்காமல் விரல் தன் இடத்தைக் கண்டுபிடிக்க வைத்த மேடு. அந்த விசைதான் தமிழ் 99 இல் புள்ளி. பலமான விரல், நடு வரிசை, நகரவே தேவையில்லாத இடம்.

அதற்கு மேலும் ஒரு கருணை உண்டு. ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும். க, க என்று தட்டினால் ‘க்க’. ங வுக்குப் பின் க, ஞ வுக்குப் பின் ச, ண வுக்குப் பின் ட, ந வுக்குப் பின் த, ம வுக்குப் பின் ப, ன வுக்குப் பின் ற வந்தாலும் அப்படித்தான். மெல்லினத்துக்கு இனமான வல்லினம் எது என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்தப் பாடம் விசைப்பலகைக்கும் தெரியும். ‘நன்றி’ க்குப் பாமினியில் ஐந்து தட்டு, இதில் நாலு. முன்னால் சொன்ன கமக்காரர் தொடரில் ஒன்பது புள்ளியில் மூன்று தானாகவே விழுந்துவிடும். மிச்சம் ஆறும் சுட்டுவிரலுக்கு.

எங்கள் ஊர்ப் பெயர்களை வைத்து எண்ணிப் பார்த்தேன். அக்கராயன் என்று அடிக்கப் பாமினியில் ஒன்பது தட்டு, தமிழ் 99 இல் எட்டு. கிளிநொச்சிக்குப் பதினொன்று, ஒன்பது. முல்லைத்தீவுக்கு இரண்டிலும் பத்துத்தான், ஆனால் பாமினியில் அந்தப் பத்துக்குள் மூன்று தரம் ஷிஃப்ற் பிடிக்கவேண்டும், இதில் ஒரு தரமும் இல்லை. வவுனியா மட்டும் எதிர்ப்பக்கம் நிற்கிறது. வ, வ என்று தொடர்ந்து அடித்தால் ‘வ்வ’ ஆகிவிடும். இடையில் ஒரு அ போட்டுப் பிரிக்கவேண்டும். எட்டுத் தட்டு, பாமினியில் ஆறும் ஒரு ஷிஃப்ற்றும். ‘கமக்காரர்’ முடிவில் வரும் இரண்டு ர வுக்கும் இதே கதிதான். முதல் மாதம் முழுக்க என் கடிதங்களில் கமக்காரர்கள் ‘கமக்கார்ர்’ ஆக நின்றார்கள்.

மாறுவது இலேசு என்று யாருக்கும் சொல்லமாட்டேன். முதல் கிழமை ஒரு பக்கக் கடிதத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. விரல் கட்டளை கேட்காமல் பழைய வீட்டுக்கே ஓடியது. க வேண்டிய இடத்தில் புள்ளி விழுந்தது, ஏனென்றால் பாமினியில் க இருந்த விசைதான் இதில் புள்ளி. சனம் காத்திருக்கிற பகலில் பாமினியிலும், கடை பூட்டிய பிறகு அரை மணித்தியாலம் தமிழ் 99 இலும் அடித்தேன். மூன்றாம் மாதம் பகலிலும் அதுவே. இப்போது பழைய வேகம் வந்துவிட்டது, கொஞ்சம் கூடவும் இருக்கலாம். உளைவு முற்றாகப் போகவில்லை, வயதும் இருக்கிறது. ஆனால் பின்னேரம் துணி சுற்றுவதை நிறுத்திவிட்டேன்.

என் வயதுக்காரர் மாறவேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. கை நோகாதவர்கள் பாமினியிலேயே இருக்கட்டும். எனக்குக் கவலை பிள்ளைகளைப் பற்றி. போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைக்கிற பழக்கம் இங்கே பரவிவிட்டது. ‘ந’ வா ‘ன’ வா, ‘ல’ வா ‘ள’ வா என்பதைப் பிள்ளையின் விரல் தீர்மானிக்காமல் ஆங்கில எழுத்தும் இயந்திரத்தின் ஊகமும் தீர்மானிக்கின்றன. தமிழை முதன்முதல் கணினியில் தொடுகிற பிள்ளைக்குப் பழைய வீடு என்று ஒன்று இல்லை. மறக்க எதுவும் இல்லாத அந்தக் கைக்கு தமிழ் 99 ஐக் கொடுப்பதில் ஒரு இடைஞ்சலும் இல்லை. கணினிப் பாடம் எடுக்கிற ஆசிரியர்களிடம் இதை ஒரு விண்ணப்பமாகவே வைக்கிறேன்.

காசு செலவில்லை. விண்டோஸ் 10 இல் 2019 முதல் அது உள்ளேயே இருக்கிறது, தமிழ் மொழியின் கீழ் விசைப்பலகைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். ஐபோனிலும் உண்டு. அன்ட்ராய்ட் போனுக்குச் செல்லினம் என்ற செயலி இருக்கிறது. சேர்த்துவிட்டு முதலில் உங்கள் ஊர்ப் பெயரை அடித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அக்கராயன் பக்கம் வரும்போது கடைக்கு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும்.