காகிதம் மடித்த தொழிலாளி



மழை பெய்து மரம்வெட்டு நின்றுபோன நாள்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துக் கப்பல் செய்வார்கள். லயத்துக் கால்வாயில் ஓட விடுவார்கள். "தாளை வீணாக்காதே, போய்ப் படி" என்று நாம் அதட்டுவோம். ஆசிரியர்களாகிய நாங்களும் அப்படி அதட்டியவர்களே. பயிற்சிக் கல்லூரியில் காகித மடிப்பைக் கைவேலைப் பாடமாகக் கற்றபோதுகூட, அதை வெறும் பொழுதுபோக்கு என்றே எண்ணினோம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இக்கலையின் வரலாறு எடுத்துக் காட்டுகிறது.

சீனாவில் பிறந்த காகிதம் 7ஆம் நூற்றாண்டில் ஜப்பானை அடைந்தது. அங்கே வளர்ந்த மடிப்புக் கலைக்கு ஓரிகாமி என்று பெயர். கொக்கு மடிக்கும் முறைகளைச் சொல்லும் நூல் ஒன்று 1797ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் அச்சாயிற்று. ஐரோப்பாவில், பாலர் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் சூட்டிய ஜெர்மானியக் கல்வியாளர் ஃபுரோபல், சிறுவர்களின் பயிற்சிகளுள் ஒன்றாகக் காகித மடிப்பையும் சேர்த்தார். அந்தப் பயிற்சியிலிருந்து தூண்டுதல் பெற்று, சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பு மூலம் வடிவக் கணிதம் கற்பிக்கும் நூல் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். அது 1893ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்தது. 1901ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பட்டது.

இனி ஒரு தொழிலாளியின் கதைக்கு வருவோம். அகிரா யோஷிசாவா 1911ஆம் ஆண்டு ஜப்பானில், பால்மாடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தார். 13 வயதில் தோக்கியோ நகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அதே வயதில் பள்ளியை விட்டுப் பெரட்டுக்குப் போனவர்கள் நம் குடும்பங்களிலும் இருந்தார்கள் அல்லவா? வேலையில் உயர்ந்து வரைபடக்காரரான யோஷிசாவாவுக்கு, இளம் தொழிலாளர்களுக்கு வடிவக் கணிதம் கற்பிக்கும் பொறுப்பு வந்தது. கோணமும் சமபாகமும் சொல்லால் விளங்காதபோது, காகிதத்தை மடித்துக் காட்டி அவர் விளக்கினார்.

1937ஆம் ஆண்டு அவர் அந்த வேலையை விட்டு, மடிப்புக் கலையே வாழ்வு என்று இறங்கினார். வறுமை வாட்டியது. வீடு வீடாகச் சென்று தொடுகறி விற்றுப் பிழைத்தார். 1954ஆம் ஆண்டு அவருடைய புதுமையான நூல் வெளிவந்தது. மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாம் நகர அரும்பொருளகத்தில் அவருடைய படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1983ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு அவருக்கு உயர்ந்த விருது வழங்கியது. 2005ஆம் ஆண்டு, தமது 94ஆவது பிறந்த நாளிலேயே அவர் காலமானார்.

அவர் நமக்கு விட்டுச் சென்றவை இரண்டு. முதலாவது, உள்மடிப்புக்கும் வெளிமடிப்புக்கும் தனித்தனிக் கோடுகளும், மடிக்கும் திசைக்கு அம்புக் குறிகளும் கொண்ட படமுறை. மொழி தெரியாதவரும் அந்தப் படத்தைப் பார்த்து மடிக்கலாம். இரண்டாவது, ஈர மடிப்பு. சற்றுத் தடித்த தாளை இலேசாக நனைத்தால் அதிலுள்ள பசை இளகும். அப்போது வளைத்து உருவம் கொடுத்து உலரவிட்டால் பசை இறுகி, உருவம் அப்படியே நிற்கும். தட்டையாகக் கிடந்த தாள் மயிலாகவும் யானையாகவும் எழுந்து நிற்பது இவ்வாறுதான்.

புதிதாகக் கற்பவர்கள் எளிதான ஓர் உருவத்தில் தொடங்கலாம். பழைய நாள்காட்டித் தாளைச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். இடமும் வலமும் ஒன்றன்மேல் ஒன்று படிய நெடுக்காக மடித்து விரியுங்கள், நடுக்கோடு கிடைக்கும். இப்போது கீழ் வலமூலையை அந்த நடுக்கோட்டின்மீது வையுங்கள். மடிப்பு, கீழ் இடமூலையின் வழியாகவே செல்ல வேண்டும். மூலை வந்து தொட்ட இடத்தில் ஒரு புள்ளியிட்டுத் தாளை விரியுங்கள். அப்புள்ளியையும் கீழ் மூலைகள் இரண்டையும் சேர்த்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் உருவாகும்! அளவுகோலும் வேண்டாம், கவராயமும் வேண்டாம். அந்த முக்கோணத்தை வெட்டி எடுத்து, ஒவ்வொரு மூலையையும் எதிர்ப்பக்கத்தின் நடுவில் படும்படி மடித்து விரியுங்கள். பிறகு மூன்று மூலைகளையும் மேலே தூக்கி ஒன்று சேருங்கள். நான்கு முகங்கள் கொண்ட சிறு கோபுரம் உங்கள் கையில் நிற்கும்.

எங்கள் வகுப்பில் இதைச் செய்தபோது நாங்கள் மடித்தது கோணலாகிவிட்டது. கணக்கில் எப்போதும் பின்தங்கி, கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த ஒரு மாணவன் எழுந்து வந்து, "சார், மூலை கோட்டுமேலே படவில்லை" என்று திருத்திக் கொடுத்தான். சமபக்க முக்கோணம் எதுவென்று அன்றிலிருந்து அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாள் அவனுக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டியிருந்த நாங்கள்தாம் வெட்கப்பட்டோம்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த மழை நாளில் உங்கள் பிள்ளை தாளோடு உட்கார்ந்தால் அதட்டாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, "இது எப்படி நிற்கிறது, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அந்தப் பாடத்தில் கலந்துகொள்ளலாம்.