பின்னால் பறக்குமா இந்த விமானம்?

ஆர்கானிக் பருத்தியில் செய்த ஒரு சிறுவர் ஹூடி. நெஞ்சில் ஒரு விமானப் படம். சின்ன இறக்கை மூக்குப் பக்கம், பெரிய இறக்கை பின்னால், ப்ரொப்பெல்லரும் வாலில். திருப்பி அச்சடித்துவிட்டார்களோ என்று தோன்றும். இல்லை, ஜப்பானின் ஷிண்டென் அப்படித்தான் இருக்கும்.

வடிவமைத்தவர் ஜப்பான் கடற்படையின் மசாஓகி சுருனோ. கட்டியது கியூஷு விமான நிறுவனம். அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களை அடிக்கத்தான் இது. எஞ்சின் பின்னால் போனதால் மூக்கில் நான்கு 30 மி.மீ. பீரங்கிகள் வைக்க இடம் கிடைத்தது. 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவில் சுமார் 1 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் ஹூடி போடுகிற வயதுக் குழந்தைகள் எத்தனையோ!

பறந்து பார்க்கும் முன்பே உற்பத்திக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பி.காம் பரீட்சையில் இப்படி எழுதினால் முட்டைதான். ஆனால் ஊர் எரியும்போது யார் கணக்குப் பார்ப்பார்கள்?

முதலில் பறந்தது 1945 ஆகஸ்ட் 3. மூன்றாம் நாள் ஹிரோஷிமா. போர் முடியும்வரை மொத்தம் பறந்ததே சுமார் 45 நிமிடம். கட்டி முடித்தவை இரண்டே இரண்டு. ஒரு பி-29ஐக்கூடச் சுடவில்லை.

பருத்தியின் கதையை லேபிளில் சொல்கிறவர்கள் படத்தின் கதைக்கும் ஒரு வரி ஒதுக்கலாம். பிள்ளை கேட்டால் அப்பா அம்மா என்ன சொல்வார்கள்?

மிஞ்சிய ஷிண்டெனை அமெரிக்கா கொண்டுபோனது. அதன் முன்பாகம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். அது ஜெயித்தது ஒரே இடத்தில், 2023-ல் வந்த 'காட்ஜில்லா மைனஸ் ஒன்' படத்தில்!